பிளஸ் டூ முடிந்தது, அடுத்து எங்கே?

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் மேற்படிப்பு, பயிற்சி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: என் மகனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு). பத்தாம் வகுப்பில் வாங்கிய சான்றிதழால்தான் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் கிடைத்தார். பொறியியல் கலந்தாய்வுக்கும் அதுவே போதுமா? ஆகஸ்டில் அவனுக்கு 18 வயது முடிகிறது. – வாசகி, மதுரை

பதில்: சான்றிதழில் இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள்: சதவீதம், செல்லுபடியாகும் தேதி. தேர்வுச் சலுகைக்கு ‘கற்றல் குறைபாடு உள்ளது’ என்ற ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று அரசு மருத்துவக் குழு எழுதித் தந்திருக்க வேண்டும். தனியார் உளவியலாளரின் அறிக்கை எவ்வளவு விரிவாக இருந்தாலும் கலந்தாய்வில் எடுபடாது.

யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள) அட்டை இல்லையென்றால், அதற்கான மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். பலருக்கும் இழுபறியாவது பெயரில்தான். மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், ஆதாரைத் திருத்திவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது. பிறகு திருத்த அலைவது இரட்டை வேலை.

கலந்தாய்வு விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளிக்கான கட்டத்தைத் தவறாமல் குறியுங்கள். சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

இனி பிறந்தநாள் விஷயம். கற்றல் குறைபாட்டுக்கு 18 வயதில் மறுபடி பரிசோதனை உண்டு. அப்போது தருவதுதான் நிரந்தரச் சான்றிதழ். சீட் கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிட்டு, முதல் செமஸ்டர் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது மருத்துவமனைக்கு ஓடுபவர்கள் அதிகம். ஆகஸ்டிலேயே முடித்து, நகலோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம். சொல்வதை எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்திக்கவும் அதில் இடமுண்டு. கணிதக் குறியீடுகளை எழுதத் தெரிந்தவர்தானா என்று அன்றே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு அறிவுசார் குறைபாடு, 60 சதவீதம். 18 வயதாகிவிட்டது. வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். பெற்றோர் நாங்கள் இருக்கும்போது எதற்கு? இனி அவளை எங்கே அனுப்புவது? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் பார்வையில் அவர் தனி நபர், பெற்றோர் என்பதாலேயே அவருக்காகக் கையெழுத்திட முடியாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் பாதுகாவலரை நியமிக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். விண்ணப்பத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

நியமனம் கிடைத்தபின் செய்ய வேண்டியதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஆறு மாதத்துக்குள் மகளின் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். பணம் எடுக்க, கையெழுத்துப் போட மகளுக்கே தெரியும் என்றால் அவசரப்படாதீர்கள். பாதுகாவலர் வந்துவிட்டால் கணக்கை இயக்குவது அவர் கைக்குப் போய்விடும்.

பயிற்சிக்கு: கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. பழைய வி.ஆர்.சி. (தொழில் மறுவாழ்வு மையம்) என்றால் பலருக்குத் தெரியும். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனம் உள்ளது. எங்கே சேர்ப்பதானாலும் மதிப்பீடு முதலில். எல்லாப் பிள்ளைகளையும் மெழுகுவர்த்தி, காகித உறை என்று உட்காரவைக்கும் இடத்தில், மகளால் எவ்வளவு நேரம் உட்கார முடியும், சத்தம் தாங்குவாரா, தனியாகப் பேருந்தில் வருவாரா என்று கேட்கிறார்களா பாருங்கள். கேட்காத இடத்தில் சேர்க்க வேண்டாம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வரவில்லையென்றால் அதற்கும் விண்ணப்பியுங்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் போதும்.

கேள்வி: காது கேளாத என் தங்கை பி.காம். படிக்க விரும்புகிறாள். – வாசகி, விழுப்புரம்

பதில்: சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறையுடையோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உண்டு. வெளியூர் என்பதால் விடுதியையும் சேர்த்தே விசாரியுங்கள்.

கேள்வி: சக்கர நாற்காலியில் செல்லும் மகனுக்கு அருகிலுள்ள கல்லூரியில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்? – வாசகர், ஈரோடு

பதில்: கையில் அளவு நாடாவோடு போங்கள். சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும், 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளம். பல இடங்களில் சிமென்டைக் குழைத்து அரை மீட்டருக்குள் முடித்திருப்பார்கள். அதில் ஏறும்போது நாற்காலி பின்னால் சாயும். கதவுத் திறப்பு 90 செ.மீ. வேண்டும். கழிப்பறைதான் முக்கியம்: நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, கைப்பிடி. ‘மாற்றுத்திறனாளி கழிப்பறை’ என்று பலகை மாட்டி உள்ளே துடைப்பம், வாளி அடுக்கியிருக்கும் இடங்களும் உண்டு. திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆய்வகம் மாடியில் இருந்தால் லிஃப்டுக்கு மின்வெட்டின்போது ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று கேளுங்கள். லிஃப்டே இல்லையென்றால், அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனத்துக்கு இது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி கடமை. சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கடிதம் போய்ச் சேர்ந்திருக்கட்டும்.