உலக முடிவைச் சுற்றி ஒரு நடை: கேட்டவையும் சொன்னவையும்

நுவரெலியாப் பக்கத்து மலையிலுள்ள ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவில், உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்கப் போகும் நடையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தெஹிவளையிலிருந்து: அண்ணா, போன வழியாலேயே திரும்பி வருவது எனக்குச் சரியான அலுப்பு. ஹோர்ட்டன் சமவெளியில் சுற்றி வரலாமா?

வரலாம் தம்பி, அதுதான் அதன் அழகே. வாகனத் தரிப்பிடத்துக்கு அருகிலுள்ள ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தின் பக்கம் தொடங்கி, சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று வட்டமாகப் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். மொத்தம் 9 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். நின்று பார்த்து நடந்தால் மூன்று நான்கு மணித்தியாலம்.

எந்தப் பக்கமாகத் தொடங்குவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உலக முடிவை முதலில் பாருங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிடும். பிறகு 800 மீற்றருக்கு மேற்பட்ட அந்தச் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்று வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். நீர்வீழ்ச்சி பனியிலும் தெரியும், அது காத்திருக்கட்டும். மாதம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஞாயிறு காலையில் கிளம்பி இரவே வீட்டுக்கு வந்துவிட முடியுமா?

முடியாது. கொழும்பிலிருந்து வான் பிடித்துப் போனாலும் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. நீங்கள் போய்ச் சேரும்போது பனியும் சேர்ந்து வந்திருக்கும். முதல் நாளே நுவரெலியா, பட்டிபொல, ஒஹிய, அப்புத்தளை எங்காவது தங்குங்கள். விடியுமுன் எழும்பி, வாசல் திறக்கும் நேரத்துக்கு அங்கே நில்லுங்கள்.

வத்தளையிலிருந்து: ரயிலா, வானா?

பிள்ளைகள், வயதானவர்கள் இருந்தால் வான். மற்றவர்களுக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறி, நானுஓயா தாண்டி, பட்டிபொலவிலோ ஒஹியவிலோ இறங்கலாம். நாட்டிலேயே உயரமான நிலையம் பட்டிபொல. ஒஹியவிலிருந்து பூங்காவுக்கு ஏறக்குறைய 11 கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். கால் பலம் உள்ளவர்கள் அதையும் நடக்கலாம், மற்றவர்கள் த்ரீவீல் பேசிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் மலைநாட்டு ரயில்கள் நின்றுபோவது உண்டு. அதனால் புறப்படுமுன் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: நான் எதிர்பார்ப்பது மலை, காடு, தோட்டம் மூன்றும் கலந்த நாட்டுப்புற நடை. இது வெறும் தேசிய பூங்காதானே அண்ணா?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பூங்காவுக்குள் தோட்டம் இல்லை, சரி. ஆனால் அங்கே போகும் வழியையும் சேர்த்துப் பாருங்கள். பட்டிபொல பக்கமாக வந்தால் அம்பேவெலவின் மாட்டுப் பண்ணைகள், லீக்ஸும் கரட்டும் கோவாவும் போட்ட பாத்திகள். ஒஹிய பக்கமாக ஏறினால் தேயிலை. பிறகு திடீரென்று காடு ஆரம்பிக்கும்.

இந்த எல்லைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கோப்பியும் தேயிலையும் மலையை மேலே மேலே மொட்டையடித்துக்கொண்டு போனபோது, 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவையுங்கள் என்று 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் ஆங்கில அரசுக்கு ஆலோசனை சொன்னார். காட்டின் மேல் இருந்த பாசத்தை விடத் தண்ணீரைப் பற்றிய கவலைதான் அதிகம் என்று நினைக்கிறேன். எப்படியோ காடு பிழைத்தது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் சேர்வது இந்த உயரத்தில்தான். நாம் கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவதும் பெரும்பாலும் களனித் தண்ணீர்தானே.

சமவெளியையும் விவசாயம் விட்டுவைக்கவில்லை. 1960களில் அந்தப் புல்வெளியில் உருளைக்கிழங்கு போட்டார்கள். 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் வந்தது. இப்போது நீங்கள் நடப்பது ஒரு பக்கம் புல்வெளி, மறுபக்கம் குடை பிடித்தது போல் தலை தட்டையாக வளர்ந்த முகில்காடு. காட்டு விளிம்பில் சிவப்பாகப் பூத்து நிற்பது ரோடோடென்ட்ரன் மரம்.

மருதானையிலிருந்து: சிறுத்தை, அட்டை, பாம்பு எல்லாம் இருக்கும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

சிறுத்தை இருக்கிறது, ஆனால் உங்களைக் கண்டால் அது விலகிவிடும். பார்த்தால் அதிர்ஷ்டம். காட்டு யானை அங்கே இல்லை. அட்டை மழைக்குப் பிறகு மரநிழலில் வரும். சப்பாத்துக்கு மேலே காலுறையை இழுத்து விட்டு, சவர்க்காரம் தடவுங்கள், போதும்.

நான் பயப்படுவது குளவிக்கு. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி அடிக்கடி வருகிறது, உயிர்களும் போயிருக்கின்றன. தோட்டத்துக்குள் நடக்கும்போது கல் எறிவது, கத்துவது, ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது, புகை போடுவது எதுவும் வேண்டாம். வாசனைத் தைலமும் பூசாதீர்கள். கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: தோட்டத்துக்குள்ளால் குறுக்கு வழி இருந்தால் போகலாமா? யாராவது ஏசுவார்களா?

அக்கா, நாம் பாதை என்று நினைப்பது அங்கே இருப்பவர்களின் வாசல். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முன்னால்தான் அது போகும், துணி காயும், பிள்ளைகள் விளையாடுவார்கள். "இந்த வழியா போகலாமாங்க?" என்று கேட்டால் யாரும் ஏசமாட்டார்கள். பெரும்பாலும் நம் மொழியே பேசுபவர்கள், சரியான வழியோடு எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள் என்பதையும் சொல்வார்கள். அந்தத் தகவல் எந்த வரைபடத்திலும் இல்லை. கேட்காமல் கொழுந்து பறிப்பவர்களின் முகத்துக்கு நேரே ஃபோனை நீட்டுவது மட்டும் எனக்குப் பிடிக்காத பழக்கம். மரக்கறிப் பாத்தியை மிதிக்காமல் வரப்பால் போங்கள்.

ரயில் பாதையில் நடப்பதைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். படம் அழகாக வரும், ஆனால் வளைவில் ரயில் வருவது பனியில் தெரியாது.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி.

முழுச் சுற்று வேண்டாம். பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் இறக்கம், கற்கள், ஈரம். சின்ன உலக முடிவு வரை மெதுவாகப் போய் அதே வழியால் திரும்புங்கள், ஊன்றுகோல் எடுங்கள். அதுவும் கஷ்டம் என்றால் வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே மரைகள் மேயும், அதைப் பார்த்தாலே அம்மாவுக்குச் சந்தோஷம். தீன் கொடுக்க மட்டும் விடாதீர்கள்.

கிருலப்பனையிலிருந்து: கொழும்பில் என்ன பயிற்சி செய்யலாம்? காலிமுகத்திடலில் தினமும் நடக்கிறேன்.

மூச்சுக்கு நல்லது, முழங்காலுக்குப் போதாது. அங்கே மேடு பள்ளம் கிடையாது. ஃபிளாட்டில் இருந்தால் லிஃப்டை விட்டுப் படியில் ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முக்கியம், மறுநாள் தொடை வலிப்பது அதனால்தான்.

வத்தளையிலிருந்து மறுபடியும்: சாப்பாடு?

பொலித்தீன் எதுவும் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ரொட்டியும் கட்டச்சம்பலும் வாழையிலையில் அல்லது டப்பாவில் கட்டுங்கள். பிளாஸ்கில் பிளேன்டீ. பிஸ்கட்டை வீட்டிலேயே பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் போடுங்கள். ஜம்பர் கட்டாயம், காலையில் கை விறைக்கும். வெயில் ஏறியதும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.