சின்ன டீசல் வேன், நீண்ட ஓட்டம்: கேள்வி பதில்

ஒரே டீசல் வேனை 14 வருடமாக வைத்து ஓட்டுகிறேன். சில்லறை வேலைகளை நானே பார்த்துக்கொள்வேன். இன்ஜினைப் பிரிக்கும் வேலை மட்டும் பட்டறைக்குப் போகும். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஆயில் மாற்றி இரண்டே நாளில் கறுத்துவிட்டது. மெக்கானிக் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. டீசல் எரிந்தால் கரி வரும். அதைப் படியவிடாமல் தன்னோடு சேர்த்துக்கொள்வதுதான் ஆயிலின் வேலை. நிறத்தை விடுங்கள், அளவைப் பாருங்கள். குறைந்தால் எல்லாரும் பதறுவார்கள், ஏறினால் யாரும் கவனிப்பதில்லை. ஏறியிருந்தால் டீசலோ, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோ கலக்கிறது என்று அர்த்தம். வெளுத்துக் குழம்பியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

கேள்வி: மேடு ஏறும்போது இழுவையே இல்லை. டீசல் பம்பை இறக்க வேண்டும் என்கிறார்கள். சரியா அண்ணா?

அவசரப்படாதீர்கள் தம்பி. என் வேனுக்கும் ஒரு பட்டறையில் இதையேதான் சொன்னார்கள். மனசு கேட்காமல் வீட்டுக்கு வந்து, டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். கொஞ்ச நேரம் வைத்ததும் பிரிந்தது: மேலே டீசல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவில் சேறு போல ஒரு கோடு. ஃபில்டரை மாற்றினேன், டேங்கைக் கழுவினேன். இழுவை திரும்பி வந்துவிட்டது, பம்பைத் தொடவே இல்லை.

அதனால் முதலில் டீசல் ஃபில்டர், அப்புறம் ஏர் ஃபில்டர், அப்புறம் டர்போவுக்கு (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு. இந்த மூன்றையும் பார்த்த பிறகு பம்பைப் பற்றிப் பேசலாம். டேங்கைப் பாதிக்குக் கீழே இறக்கி நாள்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். காலியிடத்துக் காற்றின் ஈரமும் தண்ணீராக இறங்கும்.

கேள்வி: டீசல் தீர்ந்து நின்றது. ஊற்றிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஏர் லாக், அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்து அடைத்துக்கொண்டது. டீசல் ஃபில்டர் பக்கத்தில் கைப்பம்ப் இருந்தால் அது இறுகும் வரை அழுத்துங்கள். செல்ஃபை விடாமல் அடித்தால் பேட்டரிதான் போகும். காமன் ரெயில் இன்ஜினாக (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை) இருந்தால் இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்தவே கூடாது. இன்ஜின் ஓடும்போது அதில் அழுத்தம் 1000 பாருக்கு மேலும் ஏறும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துவிடும்.

கேள்வி: புகையின் நிறத்தை வைத்துக் கோளாறு சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் குளோ பிளக்கைப் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) மேல் சந்தேகப்படலாம்.

கேள்வி: டைமிங் பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

கூடாது. பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்கும்படி சுற்றுவது அந்த பெல்ட்தான். கையேட்டில் கிலோமீட்டர், வருடம் இரண்டும் போட்டிருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். அறுந்தால் பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், வாட்டர் பம்பை அந்த பெல்ட்டே சுற்றினால் அதையும், சேர்த்தே மாற்றிவிடுங்கள். செயின் இருக்கும் இன்ஜினுக்கு இந்தக் கணக்கு வேறு.

கேள்வி: தினமும் சின்ன ஓட்டம்தான். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது.

டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். அதில் சிக்கிய கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். பக்கத்திலேயே போய் வந்தால் அந்தச் சூடு ஏறாது. விளக்கு எரிந்ததும் நெடுஞ்சாலையில் ஒரே சீராக அரை மணி நேரம் ஓட்டுங்கள். கரி எரிந்துகொண்டிருக்கும்போது பாதியில் இன்ஜினை நிறுத்திக்கொண்டே இருந்தால், முதலில் சொன்னேனே, ஆயிலில் டீசல் கலந்து அளவு ஏறுவது, அதுவும் நடக்கும்.

கேள்வி: பழைய வேன் பார்க்கப் போகிறேன். முதலில் எதைப் பார்ப்பது?

டீசல் இன்ஜின் தன் குறையைக் காட்டுவது ஆறிக் கிடக்கும்போதுதான். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.