ரேகைக்கும் பூட்டு உண்டு

கேள்வி: ஓ.டி.பி. வரவில்லை, பின் நம்பரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து இரண்டு தடவை தலா ரூ.10,000 போயிருக்கிறது. எஸ்.எம்.எஸ்.ஸில் ‘ஏ.இ.பி.எஸ்.’ என்று இருக்கிறது. இது எப்படி நடந்தது?
- வாசகி, ஆரணி

பதில்: ஏ.இ.பி.எஸ். என்பது ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறை. ஊர்க் கடைகளில் கைரேகையை வைத்துக்கொண்டு பணம் தருகிறார்களே, அந்தக் கருவி வழியாக எடுத்திருக்கிறார்கள். அதற்கு ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை மூன்றும் போதும், ஓ.டி.பி. கேட்காது. எண்ணும் ரேகையும் சேர்ந்தே கிடைக்கக்கூடிய இடம் சொத்துப் பத்திர நகல். 2018-ல் தெலங்கானாவில் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை ரப்பரில் வார்த்து ஆயிரக்கணக்கில் சிம் கார்டு எடுத்த ஒருவர் பிடிபட்டார்.

இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். அதைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சு எடுபடாது. பிழை வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை என்னும்போது, எஸ்.எம்.எஸ். வந்த பின் 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

அடுத்தது பூட்டு. பாஸ்வேர்டை மாற்றலாம், பெருவிரலை மாற்ற முடியாதே! ஆதாரின் அதிகாரபூர்வ செயலியில் ‘பயோமெட்ரிக் லாக்’ போட்டுவிட்டால் போலி ரேகை மட்டுமல்ல, உங்கள் நிஜ ரேகையும் செல்லாது, ஓ.டி.பி. வழிச் சேவைகள் வழக்கம்போல் நடக்கும். ஆதாரில் பதிந்த மொபைல் எண் கையில் இருக்க வேண்டும். சிக்கல் வருவது ரேஷன் கடையில். தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். வரிசையின் கடைசியில் நின்று திறந்துவிட்டு, முறை வரும்போது ‘ரேகை விழவில்லை’ என்று திரும்புவதில் பயனில்லை. முன்னால் இருவர் இருக்கும்போது திறங்கள்.

ஆதார் இணையதளத்தில் கடந்த 6 மாத அங்கீகார வரலாறும், அதாவது உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும், கிடைக்கும். உங்களுக்குத் தெரியாத ரேகைப் பதிவு இருந்தால் அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துப் புகாரோடு இணையுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டுக்கு ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள். அதே இணையதளத்தில் இலவசம். நகலின் குறுக்கே காரணமும் தேதியும் எழுதுவது திருட்டைத் தடுக்காது, பின்னால் சாட்சியாக உதவும். பிரவுசிங் சென்டரில் இறக்கினால் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அந்தக் கோப்பின் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் ஆங்கில முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும்.