கேள்வி-பதில்: பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2002 மாடல் ஜீப் ராங்ளர் டிஜே, இரண்டு கதவுள்ள பழைய தலைமுறை. 4.0 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல், 3.73 ஆக்சில் விகிதம். பதினான்கு வருடமாக ஓட்டுகிறேன், ஒரு நாளும் நடுவழியில் விட்டதில்லை. இப்போது குழந்தைகள் இரண்டு பேர். முன் சீட்டை மடக்கி அவர்களைப் பின்னால் ஏற்றி இறக்குவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. கூட வரும் நண்பர்கள் எல்லாரும் ராங்ளரின் புதிய தலைமுறையான நான்கு கதவு ஜேஎல்லுக்கு மாறிவிட்டார்கள். நானும் மாறலாமா, இல்லை இருப்பதிலேயே செலவு செய்து சரிப்படுத்திக்கொள்ளலாமா? மலைப்பாதையில் வித்தியாசம் தெரியுமா? வீட்டில் கேட்டால் "உங்களுக்குக் குழந்தைகள் ஒரு சாக்கு" என்கிறார்கள்.

பதில்: வீட்டில் சொல்வதில் பாதி உண்மை இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். மீதிப் பாதி உங்கள் பக்கம்தான்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த மூன்று மாதம் வண்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருங்கள். ஒவ்வொரு பயணத்திலும் தார் ரோட்டில் எத்தனை கிலோமீட்டர், கரடுமுரடில் எத்தனை கிலோமீட்டர், எந்த இடத்தில் வண்டியைத் திட்டினீர்கள், எதற்காகத் திட்டினீர்கள், அவ்வளவுதான். நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் திட்டுவது தார் ரோட்டில்தான்: இரைச்சல், காற்று, முதுகுவலி, ஓவர்டேக் எடுக்கத் தெம்பில்லாதது. பாறையிலும் சேற்றிலும் பழைய வண்டி பெரும்பாலும் மானத்தைக் காப்பாற்றிவிடுகிறது. முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை போய் பன்னிரண்டு கிலோமீட்டர் பாறை ஏறுகிறவர் புது வண்டிக்குக் கொடுக்கும் பணம் அந்த முந்நூறுக்குத்தான் போகிறது. தப்பே இல்லை. ஆனால் பன்னிரண்டுக்காக என்று நினைத்துக்கொண்டு வாங்கினால் பிறகு ஏமாற்றமாக இருக்கும்.

உங்கள் டிஜேயின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், சுமார் 2,370 மில்லிமீட்டர். நான்கு கதவு ஜேஎல் 3,008. இரண்டடிக்கும் மேல் நீளம். செங்குத்தான ஏற்றத்தில் இந்த நீளம் நல்லது, வண்டி நிதானமாக ஏறும், முன்பக்கம் தூக்கிக்கொண்டு பயமுறுத்தாது. மேட்டின் உச்சியைத் தாண்டும்போதுதான் வயிறு இடிக்கும். மரங்களுக்கு நடுவே வளைக்கும்போது நீங்கள் இன்று ஒரே வெட்டில் திரும்பும் இடத்தில் முன்னும் பின்னுமாக மூன்று தடவை எடுக்க வேண்டிவரும். எடையும் அப்படித்தான்: உங்களுடையது ஏறக்குறைய 1,500 கிலோ, நான்கு கதவு ஜேஎல் 1,900-ஐ ஒட்டித் தொடங்கி மேலே போகிறது. ஈர மணலிலும் சேற்றிலும் அந்த நானூறு கிலோவைத் தள்ளுவது யார் என்று நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் போடலாம். முதல் கியர் விகிதம், டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) லோ ரேஞ்ச் எனும் மெதுகியர் விகிதம், ஆக்சில் விகிதம் மூன்றையும் பெருக்கினால் வண்டி எவ்வளவு மெதுவாக ஊர்ந்து ஏறும் என்பது தெரிந்துவிடும்; எண் பெருசானால் இன்னும் மெதுவாக ஊரும். உங்களுடையது 4.01 × 2.72 × 3.73, சுமார் 41. ஜேஎல்லில் கரடுமுரடுக்கென்றே வரும் ரூபிகான் மாடலில், மேனுவல் கியர் என்றால் 5.13 × 4 × 4.10, அதாவது 84. இரண்டு மடங்கு! பாறையில் பிரேக்கும் கிளட்சும் மாறி மாறி மிதித்துக் கால் வலிக்கிறவருக்கு இது சொர்க்கம். ஆனால் இது ரூபிகானின் கணக்கு, எல்லா ஜேஎல்லுக்கும் கிடையாது. சாதாரண மாடலில் அந்த 4-க்குப் பதிலாக உங்களிடம் இருப்பது மாதிரி 2.72தான் இருக்கும், வாங்கும்போது பெயர்ப்பலகையைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பாருங்கள். உங்கள் வண்டியிலேயே டிரான்ஸ்ஃபர் கேஸில் 4-க்கு 1 கியர் செட் மாற்றினால் சுமார் 60 வந்துவிடும். இந்த வேலைக்கு ஆகிற செலவையும் புது வண்டி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. டிஜேயில் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், அதாவது வண்டி சறுக்கும்போது தானே பிடித்து நிலைப்படுத்தும் வசதி, கிடையாது. ராங்ளரில் அது 2007-ல் அடுத்த தலைமுறையான ஜேகே வந்தபோதுதான் வந்தது. ஈர ரோட்டில் திடீரென ஒடித்துத் திருப்ப நேர்ந்தால் உயரமான, நீளம் குறைந்த வண்டிக்கு அது பெரிய துணை. அதற்காகப் புதுசு என்றாலே பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018-ல் யூரோ என்கேப் எனும் ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் ஜேஎல்லுக்கு ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது, தானாக பிரேக் போடும் வசதி அப்போது அந்த வண்டியில் இல்லாதது முக்கியமான ஒரு காரணம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் ராங்ளரில் வந்ததே 2024 மாடலில்தான். ஆகவே பழைய ஜேஎல் தேடுகிறீர்களா, புது ஜேஎல்லா என்பதில்கூட வித்தியாசம் இருக்கிறது. குழந்தைகளுக்காக என்று உண்மையிலேயே சொல்கிறீர்கள் என்றால் இந்த வரிசையில் கேளுங்கள்: எந்த வருடம், எத்தனை ஏர்பேக், தானியங்கி பிரேக் உண்டா. டச் ஸ்கிரீனின் அளவு, தையல் போட்ட சீட்டு எல்லாம் அப்புறம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பழைய வண்டியை, சிக்கினால் இழுத்துக்கொள்ளும் விஞ்ச், உயர்த்திய சஸ்பென்ஷன், அடிப்பலகைக் கவசம் எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கிப் புதுசு எடுத்தேன். போட்ட சாமான்களுக்கு வாங்குபவர் ஒரு பைசா கூடுதலாகத் தரவில்லை, யாரும் தரமாட்டார்கள், அதைத் தெரிந்துகொண்டே விற்க வேண்டும். புது வண்டியோடு முதல் தடவை முள்காட்டுப் பாதையில் நுழைந்தேன். கிளை பெயின்டில் உரசும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான், ரிவர்ஸ் எடுத்துத் திரும்பிவிட்டேன். எட்டு மாதம் அது கடைக்குப் போகிற வண்டியாகவே இருந்தது. ஒரு நாள் துணிந்து அதே பாதைக்குப் போனால், என் பழைய வண்டியை வாங்கியவர் எதிரே மேலிருந்து இறங்கி வந்து சந்தோஷமாகக் கை காட்டுகிறார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கடன் முடியும்வரை வண்டியில் கீறல் விழுவதை உங்களால் தாங்க முடியுமா என்பதை இப்போதே மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

எதற்கும் முன்னால், உங்கள் டிஜேயின் சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, பாருங்கள். எல்லாக் கணக்கையும் அது ஒரே நிமிடத்தில் மாற்றிவிடும். பெட்டி வடிவச் சட்டத்துக்குள்ளே சேறு தங்கி உள்ளிருந்தே துரு பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். பின் சக்கர சஸ்பென்ஷன் கை பொருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் கனவெல்லாம் வேண்டாம், பேசாமல் மாறுங்கள். சேசிஸ் திடமாக இருந்து, நோட்டில் தார் ரோட்டுத் திட்டு குறைவாகவும் இருந்தால், வேறு ஒரு சாதாரணக் குடும்பக் காரை வாங்கிக்கொண்டு டிஜேயை வைத்திருங்கள் என்பேன். இடம் இருந்தால், வீட்டில் சம்மதித்தால்.

கேள்வி: என் பழைய ஃபோர் வீல் வண்டி, முன்னால் திட ஆக்சில் (இரு சக்கரமும் ஒரே தண்டில்), எழுபது எண்பதில் போகும்போது ஒரு பள்ளம் தட்டினால் ஸ்டியரிங் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது. பயமாக இருக்கிறது. விற்றுவிடலாமா?

பதில்: இதற்காக விற்காதீர்கள். அப்படி ஆடினால் பதறி பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். காரணம் பெரும்பாலும் தேய்ந்த ஏதோ ஒன்றுதான்: ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடின் புஷ், அதன் போல்ட் துளை, டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், சமநிலை தப்பிய டயர். வண்டி தரையில் நிற்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும், இன்னொருவர் கீழே எட்டிப் பார்த்தால் எந்த மூட்டில் ஆட்டம் என்று கண்ணுக்கே தெரியும். மெக்கானிக் நேராகப் புது ஸ்டியரிங் டேம்பர் போடலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அது ஆட்டத்தை மறைக்கும், தீர்க்காது.

கேள்வி: பழைய டீசலைக் கொடுத்துவிட்டுப் புது டீசல் எடுக்க ஆசை. நான் ஓட்டுவதெல்லாம் தோட்டத்துக்குள்ளே மெதுவாக, ஐந்து ஆறு கிலோமீட்டர்.

பதில்: அப்படியானால் யோசியுங்கள். புது டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்குப் புகைக்குழாயில் 550, 600 டிகிரி சூடு வேண்டும், வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஊர்ந்துவிட்டு அணைத்தால் எரியும் வேலை பாதியில் நின்றுவிடும், கரி சேர்ந்துகொண்டே போகும், ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுவீர்கள் என்றால் பரவாயில்லை. இல்லையென்றால் பெட்ரோல் பாருங்கள், அல்லது பழசையே ஓட்டுங்கள். இன்னொன்று, கரி எரியும் நேரத்தில் காய்ந்த உயரமான புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

கேள்வி: பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஓட்டுகிறேன். புது டிஃபெண்டர் வெறும் கார்தானே, சேசிஸே இல்லையே?

பதில்: 2016 ஜனவரியோடு பழையது நின்றது, 2019-ல் அறிமுகமான புதியதில் பெயரைத் தவிர அநேகமாக எல்லாமே வேறு. தனிச் சேசிஸ் இல்லை, உடலே சட்டமாக இருக்கும் அலுமினிய ஒற்றைக்கூடு, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ஆனால் "வெறும் கார்" என்று சொல்ல முடியாது. காற்று சஸ்பென்ஷனோடு 291 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம். பழையதில் அது 500தான். மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். போகிற இடத்துக்கு இது போய்விடும், சந்தேகமில்லை. போன இடத்தில் ஏதாவது நின்றுவிட்டால் உங்கள் பழைய வண்டியை மாதிரி ஸ்பேனர் எடுத்து நீங்களே கழற்றி மாட்ட முடியாது. ஆள் நடமாட்டமே இல்லாத இடங்களுக்குத் தனியாகப் போகிறவர் என்றால் எனக்கு அது பெரிய விஷயம். உங்களுக்கு எப்படியோ. புதுசென்றால் எல்லாமே இப்படி மாறிவிடும் என்றும் இல்லை, 2018-ல் வந்த சுசுகி ஜிம்னியில் தனிச் சேசிஸ், திட ஆக்சில் எல்லாம் அப்படியே இருக்கிறது. முந்தைய மாடலில் பட்டனாகிவிட்ட ஃபோர் வீல் தேர்வைத் திரும்ப லீவருக்கே கொண்டுவந்தார்கள். அது எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி: புது வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தால் லாக்கர் வேண்டாம்தானே?

பதில்: லேசான பாதைக்கு வேண்டாம். டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்பது வெறுமனே சுழலும் சக்கரத்தை பிரேக் போட்டுப் பிடித்து, சக்தியை மறுபக்கச் சக்கரத்துக்குத் தள்ளுவது, ஆகவே சக்கரம் முதலில் கொஞ்சம் சுழன்றால்தான் அது விழிக்கும். நீளமான சேற்றில் பிரேக் சூடேறிக் கைவிடவும் கூடும். லாக்கர் இரண்டு சக்கரத்தையும் முன்கூட்டியே ஒன்றாகக் கட்டிவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டாம் கையாகப் புது மாடல் ஒன்று பார்த்திருக்கிறேன். நாளை நேரில் போகிறேன், எதைப் பார்ப்பது?

பதில்: டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. லோ ரேஞ்ச் விழுகிறதா என்று மண் தரையில் போட்டுப் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம். அடிக்கவசத்தில் கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், சேசிஸ் வளைந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி உள்ளே உலர்ந்த சேறு இருக்கிறதா என்றும் பாருங்கள். டயர் பக்கத்தில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். வண்டி புதுசு, டயர் மட்டும் கிழம் என்றால் ஐந்து டயருக்கும் சேர்த்து விலையில் குறைக்கச் சொல்லுங்கள், ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள்.