கால்நடை இலாகாவுக்கு இரண்டு தடவை மனு போட்டும் மானியம் வரவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: ஐயா, மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா காலத்து மாடுகள், இப்போது 11. கறவை 6. லயத்து வீடுகளுக்குப் பின்னால் தோட்டத்து நிலத்தில் பட்டி. காதில் நம்பர் போட்டதில்லை. பால் பாதி சேகரிப்பு நிலையத்துக்கு, பாதி வீடுகளுக்கு. பெரிய பண்ணைக்குத்தான் மானியம் கொடுப்பார்களா?

பதில்: தம்பி, மனு எங்கே நின்றிருக்கும் என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பட்டி இருக்கும் நிலம் உங்களுடையது இல்லை. மானேஜர் வாய்வார்த்தையாகச் சரி என்றிருப்பார். அவர் மாறிப்போனால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும். கால்நடை இலாகா உதவி பெரும்பாலும் ரொக்கமாக வராது. சினை ஊசி, கறவை மெஷின், புல் வெட்டும் மெஷின் என்று பொருளாக வரும். நாளைக்கே காலி செய்யச் சொல்லக்கூடிய பட்டியில் அரசாங்கச் சொத்தை இறக்க எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? மூன்று தலைமுறையாக மாடு வைத்திருந்தும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாத நம் ஆட்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மனசு வலிக்கும்.

அதனால் முதலில் மானேஜரிடம் கடிதம் வாங்குங்கள். எவ்வளவு இடம், எத்தனை மாடு, எத்தனை வருஷம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அவர் மறுத்தால் பக்கத்தில் சின்னதாக ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் இலாகாவில் பட்டியைப் பதிந்து, மாடுகளுக்குக் காது நம்பர் போட்டு, புருசெல்லா என்ற மாட்டு நோய்க்கான இரத்தப் பரிசோதனைக்கும் சொல்லிவிடுங்கள்.

பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியது. அப்போது சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவி அறிவித்தார்கள். பெயர் ஏற்கெனவே பதிவில் இருந்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது.

ஆனால் மானியத்தை நம்பி மாட்டைக் கூட்டாதீர்கள். கோழிக்குக் கொடுத்த மானியம் 2023 நவம்பரில் நின்றது, முட்டைக்குக் கொடுத்தது 2025 ஆகஸ்டில் நின்றது. பாலுக்கு மட்டும் நிரந்தரம் என்று யார் சொல்ல முடியும்?

இன்றைக்கே கைக்கு வரக்கூடிய காசு உங்கள் வாளியிலேயே இருக்கிறது. சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பு உட்படப் பாலின் தரம் பார்த்துத்தான் விலை. நம் தோட்டங்களில் நான்கு காம்பையும் முக்கால்வாசி கறந்துவிட்டு மிச்சத்தைக் கன்றுக்கு விடுவது வழக்கம். கொழுப்பு இருப்பதே அந்த மிச்சத்தில்தான். முதலில் பீய்ச்சுவது தண்ணியாக இருக்கும், கடைசியில் சொட்டுவதில் கொழுப்பு மூன்று நான்கு மடங்கு. ஒரு காம்பை முழுசாகக் கன்றுக்கு ஒதுக்குங்கள், தினம் ஒரே காம்பாக இல்லாமல் மாற்றி மாற்றி. மற்ற மூன்றையும் ஒட்டக் கறந்துவிடுங்கள். கன்றும் வாடாது.

காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். வீடுகளுக்கு ஊற்றுவதையும் விடாதீர்கள். நிலையத்துச் சீட்டுகளை அதிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த மனுவோடு ஆறு மாதக் கணக்கைக் காட்டலாம்.

இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டுப் பிள்ளைகளுக்கும், பால் வாங்கும் வீடுகளுக்கும் சொல்லிவையுங்கள்: நன்றாகப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். புருசெல்லா மாட்டிலிருந்து பச்சைப் பால் வழியாக மனுஷனுக்கும் வரும்.