ஒரே கார் கொடுத்தால் போட்டி வந்துவிடாது

கேள்வி: ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முன்னால் கிளம்புகிறவரே பெரும்பாலும் ஜெயிக்கிறார். 2023-இல் 22 பந்தயங்களில் 21-ஐ ரெட் புல் அணியே வாரிக்கொண்டு போனது. எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரே மாதிரி கார் கொடுத்துவிட்டால் இந்தச் சலிப்பு தீர்ந்துவிடாதா?
– வாசகர், கோவை

பதில்: தீராது. சனிக்கிழமை தகுதிச் சுற்று எதற்கு நடக்கிறது? வேகமானவரை முதலிலும் மெதுவானவரைக் கடைசியிலும் நிறுத்துவதற்கு. காரும் ஒன்று, டயரும் ஒன்று என்றால் ஞாயிற்றுக்கிழமை பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரைவிட வேகமாகப் போக என்ன காரணம் மிச்சமிருக்கிறது? ஒரே வகைக் கார் ஓடும் ஃபார்முலா 2-ஐக் காட்டுவீர்கள். அங்கே ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்தில் தகுதிச் சுற்றின் முதல் பத்துப் பேரைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள். வேகமானவர் பத்தாவது இடத்திலிருந்து கிளம்புவதால்தான் அந்த விறுவிறுப்பு.

ரெட் புல் கைக்குப் போகாத அந்த ஒரு பந்தயத்தைப் பாருங்கள். 2023 சிங்கப்பூர். ஃபெராரியின் கார்லோஸ் சைன்ஸ் முதலிடத்தில் கிளம்பி முதலிடத்திலேயே முடித்தார். உங்கள் கணக்குப்படி அது மகா சலிப்பாக இருந்திருக்க வேண்டும். அந்த ஆண்டின் மிகச் சிறந்த பந்தயம் அதுதான் என்பேன். 44-வது சுற்றில் மெர்சிடிஸ் தன் இரண்டு கார்களையும் பிட்டுக்குள், அதாவது டயர் மாற்றும் இடத்துக்குள், அழைத்துப் புது மீடியம் டயர் மாட்டியது. சைன்ஸும், அவருக்குப் பின்னால் மெக்லாரனில் வந்த லாண்டோ நோரிஸும் பழைய ஹார்டு டயரிலேயே ஓடினார்கள். ஹார்டு கெட்டியானது, மெதுவாகத் தேயும்; மீடியம் அதைவிட மென்மையானது, வேகமானது. மெர்சிடிஸின் ரஸலும் ஹாமில்டனும் சுற்றுக்கு ஒரு வினாடிக்கு மேல் இடைவெளியைக் கரைத்துக்கொண்டு வந்தார்கள். அப்போது சைன்ஸ் தப்பி ஓடப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து நோரிஸைத் தனக்குப் பின்னால் ஒரு வினாடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். 2025 வரை இருந்த விதிப்படி, ஒரு வினாடிக்குள் இருப்பவர் பின் இறக்கையின் மடலைத் திறந்து நேர்ப்பாதையில் கூடுதல் வேகம் எடுக்கலாம், அதுதான் டிஆர்எஸ். அந்த வேகம் இருக்கும்வரை ரஸலால் நோரிஸைத் தாண்ட முடியாது. நோரிஸைத் தாண்டாமல் சைன்ஸிடம் வர முடியாது. கடைசிச் சுற்றில் ரஸல் சுவரில் மோதி வெளியேறினார். சைன்ஸ் ஒரு வினாடிக்கும் குறைந்த இடைவெளியில் ஜெயித்தார்.

ஆக, எத்தனை தடவை முந்தினார்கள் என்று எண்ணுவது சரியான அளவுகோல் இல்லை. இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் புது டயர், பழைய டயர் என்று வெவ்வேறு நிலையில் இருக்க வேண்டும்; பின்னால் வருபவர் நெருங்கிய பிறகும் விலகாமல் தொடர முடிய வேண்டும்.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். முன்னால் போகும் கார் காற்றைக் கலக்கிவிட்டுப் போகிறது. கலங்கிய காற்றில் பின்காரின் இறக்கைகள் தரையை நோக்கி அழுத்தும் விசை, அதாவது டவுன்ஃபோர்ஸ், குறைந்துவிடும். 2022 விதிகளை வகுத்தவர்கள் தந்த கணக்கின்படி, பழைய கார்கள் 20 மீட்டர் பின்னால் வரும்போது 35 விழுக்காடும், 10 மீட்டரில் 46 விழுக்காடும் இழந்தன. அழுத்தம் குறைந்தால் வளைவில் முன்சக்கரங்கள் நழுவும். நழுவினால் டயரின் மேல்பரப்பு சூடேறும். சூடேறினால் பிடிப்பு இன்னும் குறையும். நாலைந்து சுற்று இப்படி ஒட்டிக்கொண்டு வந்தவர், டயர் ஆறட்டும் என்று தானே பின்வாங்குகிறார். தொலைக்காட்சியில் பார்க்கிற நாம் அவருக்குத் தைரியம் இல்லை என்கிறோம்! 2022-இல் அடித்தளத்தின் வழியாகவே அழுத்தம் பெறும் கார்கள் வந்தபோது அந்த இழப்பு 20 மீட்டரில் 4, 10 மீட்டரில் 18 விழுக்காடு என்று இறங்கியது. ஆனால் அணிகள் முன் இறக்கையின் ஓரங்களையும் அடித்தளத்தின் விளிம்புகளையும் செதுக்கிச் செதுக்கிக் காற்றை மறுபடி வெளிப்புறமாகத் தள்ள வழி கண்டுபிடித்தன. அதனால் பின்னால் காற்று மறுபடி கலங்கியது; 2025-க்குள் பழைய கதை ஓரளவு திரும்பிவிட்டது.

டயருக்கு வருவோம். பல தடங்களில் பிட்டுக்குள் போய் வர 20 வினாடி போல ஆகிறது. ஒரு நிறுத்தத்தைக் கூடுதலாகச் செய்பவர் மீதமுள்ள 50 சுற்றுகளில் அதை மீட்கச் சுற்றுக்கு 0.4 வினாடி லாபம் பார்க்க வேண்டும். டயர் அவ்வளவு தேயாவிட்டால் எல்லாரும் ஒரே நிறுத்தத்தோடு வரிசையாக ஓடுவார்கள். அளவுக்கு மீறித் தேய்ந்தால் எல்லாரும் இரண்டு நிறுத்தம் செய்து, அப்போதும் வரிசையாகவே ஓடுவார்கள். இரண்டு திட்டமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடியும்படி டயர் அமைந்தால்தான் அணிகள் பிரிந்து யோசிக்கும். கடைசி 15 சுற்றில் புது டயர்காரர் பழைய டயர்காரரைத் துரத்துவது அப்படி வருவதுதான். 2021 ஹங்கேரியில் அலோன்சோ, தன்னைவிட வெகு வேகமான ஹாமில்டனைப் பத்துச் சுற்றுபோலத் தடுத்து நிறுத்தினார். தன் அணிக்காரர் ஓகான் ஜெயிக்க அந்தத் தடுப்பு பெரிய காரணம்.

டிஆர்எஸ் மாதிரி கருவிகளை நான் மருந்தாக ஏற்கிறேன், உணவாக அல்ல. நேர்ப்பாதையின் நடுவிலேயே தாண்டிப் போய்விட்டால் எதிராளி தடுக்கக்கூட வாய்ப்பில்லை. 2026-க்கு எழுதிய விதி இதைவிட மேல். முன்னால் போகிறவரின் மின்மோட்டார் 290 கிமீ வேகத்துக்கு மேல் சக்தியைக் குறைத்துக்கொண்டே போகும். ஒரு வினாடிக்குள் துரத்துபவருக்கு 337 கிமீ வரை முழு 350 கிலோவாட் கிடைக்கும். செலவழித்த மின்சாரத்தை அவர் பிரேக் பிடித்து மீட்டாக வேண்டும், அதற்குள் மற்றவர் திருப்பி அடிக்கலாம்.

அணிகளுக்குள் இடைவெளி குறைய வேண்டும் என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. அதற்கு ஒரே கார் வேண்டியதில்லை. 2021 முதல் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது. காரின் மேல் காற்றை ஊதி வடிவத்தைப் பார்க்கும் காற்றுச்சுரங்கச் சோதனையிலும் முதலிட அணிக்கு அடிப்படை அளவில் 70 விழுக்காடுதான், பத்தாவது அணிக்கு 115. 2023-ஐப் பின்தங்கிய நிலையில் தொடங்கிய மெக்லாரன் 2024-இல் அணிகளுக்கான பட்டம் வென்றது. அதே 2024-இல் ஏழு ஓட்டுநர்கள் தலா இரண்டு பந்தயமாவது ஜெயித்தார்கள்.

குறுகிய நகரத் தெருக்களில் ஓடும் மொனாக்கோவுக்கு மட்டும் இவை எதுவும் உதவாது. 2024-இல் முதல் சுற்றிலேயே விபத்து. பந்தயத்தை நிறுத்தி எல்லாரும் டயர் மாற்றிக்கொண்டார்கள். முதல் பத்துப் பேர் கிளம்பிய வரிசையிலேயே முடித்தார்கள். 2025-இல் இரண்டு தடவை டயர் மாற்றியாக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சில அணிகள் ஒரு காரை நத்தை வேகத்தில் ஓட்டிப் பின்னால் வருகிறவர்களை மறித்து, இன்னொரு கார் பிட்டுக்குப் போய்வர இடம் உண்டாக்கிக்கொண்டன. அதைவிட அதே ஆண்டு பெல்ஜியத்தில் டயர் தரும் பிரெல்லி நிறுவனம் செய்த சோதனை எனக்குப் பிடித்தது. ஹார்டுக்கும் மீடியத்துக்கும் நடுவில் ஒரு ரகத்தைத் தாண்டி, சி1, சி3, சி4 என்று கொண்டுவந்தார்கள் (எண் கூடக் கூட டயர் மென்மை). மழை குறுக்கிட்டாலும், தடம் உலர்ந்ததும் மெக்லாரனின் பியாஸ்ட்ரி மீடியத்திலும் அவர் அணிக்காரர் நோரிஸ் ஹார்டிலும் கடைசிவரை ஓடி மூன்றரை வினாடிக்குள் முடித்தார்கள். இந்த ரக இடைவெளியை வருடத்துக்கு இரண்டு மூன்று பந்தயங்களோடு நிறுத்தாமல், உலர்தடங்கள் பெரும்பாலானவற்றுக்கும் கொண்டுவர வேண்டும்.