சீனப் பழங்காசுகளின் நடுவில் சதுர ஓட்டை எதற்கு? வட்டமாகவே விட்டிருக்கலாமே?

கயிற்றில் கோர்க்கத்தான் என்று பலரும் சொல்வார்கள். கோர்த்தது உண்மைதான், ஆயிரம் காசு ஒரு சரம். ஆனால் கோர்ப்பதற்கு வட்ட ஓட்டையே போதுமே! சீனாவை முதலில் ஒன்றாக்கிய கின் பேரரசுக்கு முன், அங்கிருந்த வெய் என்ற நாட்டில் வார்த்த வட்டக் காசுகளில் வட்ட ஓட்டைதான் இருக்கிறது. வானம் வட்டம், பூமி சதுரம் என்ற விளக்கமும் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்குப் பட்டறைக் காரணம்தான் பெரிதாகப் படுகிறது.

சீனக் காசு அடித்த காசு இல்லை, வார்த்த காசு. செம்பும் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த குழம்பு, அச்சின் நடு வாய்க்காலில் ஓடி இரு பக்கக் குழிகளையும் நிரப்பும். ஆறியபின் பிரித்தால் கிளையில் காய் காய்த்த மாதிரி காசுகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒடித்து எடுத்தால் ஓரமெல்லாம் பிசிறு. ஒவ்வொன்றாக அராவி மாளுமா? சோங் அரச வம்சத்தின் காலத்தில், 1080 வாக்கில், ஆண்டுக்கு ஏறக்குறைய 50 லட்சம் சரம் வார்த்திருக்கிறார்கள்! அதனால் சதுரக் கம்பியில் வரிசையாகச் செருகி மொத்தமாக அராவினார்கள். வட்ட ஓட்டை என்றால் அரம் பட்டதும் காசு கம்பியிலேயே சுழலும். சதுரம் அசையாது.

என்னிடம் யுவான்ஃபெங் தொங்பாவ் என்ற சோங் காசு ஒன்று இருக்கிறது, 1078 முதல் 1085 வரை வார்த்த வகை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பில் அரம் இழுத்த மெல்லிய கோடுகள் தெரியும். ஓட்டையின் உள்பக்கம் மட்டும் சொரசொரப்பு. அங்கே அரம் எட்டவில்லை. யாரோ ஒரு தொழிலாளி நாள் முழுக்க அராவிய கை அது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இதற்கு முன் ஒரு வியாபாரியிடம் வாங்கிய காசு போலி. எழுத்தும் பச்சைக் களிம்பும் அச்சு அசல். விளிம்பைச் சுற்றி மட்டும் இரண்டு பாதி சேர்ந்த கோடு ஓடியது, அரத்தின் தடம் துளியும் இல்லை. காசின் முகப்பையே பார்த்து மயங்கிவிட்டேன்.

ஹான் பேரரசர் வூ கிமு 118இல் கொண்டுவந்த வூ சூ காசு, கிபி 621இல் தாங் அரசு வெளியிட்ட கையுவான் தொங்பாவ் காசு, இரண்டிலும் இதே சதுரம்தான். கடைசியாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது மாறவேயில்லை. சீனர்கள் பணத்துக்கே 'சதுர ஓட்டை அண்ணன்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.